இரண்டாவது திறப்பு

குறிகட்டுவான் இறங்குதுறையை அறியாத தீவகத்தார் இலர். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை வழியாகப் புங்குடுதீவை அடைந்து, அதன் கரையிலுள்ள இத்துறைக்கு வந்து சேர்ந்தால் தரைவழி முடிந்துவிடுகின்றது. அதற்கப்பால் நெடுந்தீவுக்குச் செல்வோர் படகேறியே ஆதல் வேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் அலைகளோடு போராடிய பின்னரே மாவிலித்துறையில் கால் வைக்கலாம். காரிலும் வானிலும் வருவோர் தத்தம் வண்டிகளைக் கரையில் நிறுத்திப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு படகேறுகின்றனர்.

அவ்வாறு சென்ற குடும்பத்தலைவர் ஒருவரை நாம் மனக்கண்முன் கொண்டுவருவோம். நெடுந்தீவில் இருக்கும் தாயாருக்கு உடல் நலமில்லை; யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். காலைப் படகில் தாயாரைக் கைத்தாங்கலாக ஏற்றிக் குறிகட்டுவானுக்குக் கொண்டுவந்துவிட்டார். படகு துறையோடு அணையும் வேளை ஓர் அலை எழுகின்றது. தாயாரைப் பிடித்துக்கொள்ளக் குனிந்தவரின் சட்டைப் பையிலிருந்து திறப்பு நழுவிக் கடலில் விழுந்துவிடுகின்றது. கரையில் கார் நிற்கின்றது, எண்ணெய் இருக்கின்றது, இயந்திரத்தில் ஒரு பழுதுமில்லை. ஆயினும் அதனை நகர்த்த வழியில்லை. தெரிந்த ஒருவரிடம் இலக்கம் வாங்கி, நகரில் திறப்பு வெட்டும் தொழிலாளி ஒருவரைத் தொலைபேசியில் அழைக்கின்றார். அவர் கேட்கும் முதற் கேள்வி இதுதான்:

“அண்ணை, மற்றத் திறப்பு இருக்குதோ?”

“இல்லைத் தம்பி. கார் வாங்கேக்கையே ஒண்டுதான் தந்தவை.”

“அப்ப வேலை பெரிசு அண்ணை.”

ஒரு திறப்பு வெட்டுவது எப்படிப் பெரிய வேலையாயிற்று? மற்றத் திறப்பு ஒன்று இருந்திருந்தால் அது ஏன் சிறிய வேலையாகியிருக்கும்? கார் வைத்திருப்போர் யாவரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. கார் இல்லாத மாணவர்களுக்கும் இதிலே கற்பதற்கு உண்டு.

அரம் போதுமாயிருந்த காலம்

நம் தந்தையர் காலத்துக் கார்த்திறப்பு வெறும் இரும்புத்துண்டே. பூட்டினுள்ளே உயர்வும் தாழ்வுமாக நிற்கும் சிறு தகடுகளை, திறப்பின் பற்கள் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். மட்டம் சரியானால் பூட்டு திரும்பும். ஆகவே பற்களின் வடிவம் ஒன்றே இரகசியம். அந்த வடிவத்தை மற்றோர் உலோகத்துண்டில் அரத்தினால் இராவிவிட்டால் இரண்டாவது திறப்பு ஆயத்தம். நெடுந்தீவின் தெருக்களில் ஓடும் முச்சக்கர வண்டிகளுக்கும், பழைய மோட்டார் சைக்கிள்களுக்கும், உழவு இயந்திரங்களுக்கும் இன்றும் பெரும்பாலும் இதுவே போதும்.

இந்த முறையின் எளிமையே அதன் குறையுமாயிற்று. திறப்பு வெட்டுபவனுக்கு எளிதானது திருடனுக்கும் எளிதானதே. திறப்பே இல்லாவிடினும், பூட்டை உடைத்து உள்ளிருக்கும் கம்பிகளை இணைத்துவிட்டால் இயந்திரம் இயங்கிவிடும். உலகெங்கும் கார்த்திருட்டுப் பெருகவே, இரும்பின் வடிவத்தை மட்டும் நம்பியிருப்பது பேதைமை என்பதை உற்பத்தியாளர் உணர்ந்தனர்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் கொம்பனி தனது கோர்வெட் காரின் 1986ஆம் ஆண்டு மாதிரியில் ஒரு புதுமையைச் செய்தது. திறப்பின் உடலிலே மின்தடை ஒன்றைப் பதித்தது. பூட்டு திரும்பினால் மட்டும் போதாது. அந்த மின்தடையின் அளவும் சரியாக இருத்தல் வேண்டும். தவறினால் சில நிமிடங்கள் வரை கார் எதற்கும் அசையாது. ஆனால் அத்தகைய மின்தடைகள் 15 வகை மட்டுமே இருந்தன. பொறுமையுள்ள திருடன் பதினைந்தையும் ஒவ்வொன்றாக முயன்று பார்க்கலாமன்றோ? அதனினும் சிறந்த காவல் வேண்டியிருந்தது.

நெல்மணி அளவுள்ள காவலாளி

1990களின் நடுப்பகுதியில் அந்தக் காவல் பரவலாயிற்று. திறப்பின் கறுத்த பிளாஸ்ரிக் தலையினுள்ளே ஏறத்தாழ ஒரு நெல்மணி அளவுள்ள சிறு பொருள் ஒன்றை வைத்தனர். அதற்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். கேட்டால் மறுமொழி அனுப்புவது என்பது அச்சொல்லின் கருத்து. அதனுள்ளே நுண்ணிய செப்புக்கம்பிச் சுருள் ஒன்றும், இலத்திரனியல் சிப் ஒன்றும் உள்ளன. வியப்பு யாதெனில், இதற்குப் பற்றரி கிடையாது.

பற்றரி இன்றி அது எவ்வாறு பேசுகின்றது? மைக்கேல் பரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்னும் விதியை மாணவர்கள் பாடசாலையில் படித்திருப்பர். மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலத்தில் ஒரு கம்பிச் சுருளை வைத்தால் அச்சுருளில் மின் எழும் என்பதே அது. காரிலே திறப்பை இடும் துவாரத்தைச் சுற்றி வளையம் போன்ற சுருள் ஒன்று மறைந்திருக்கின்றது. திறப்பைத் திருப்பியதும் அந்த வளையத்தில் மின் ஓடி, விநாடிக்கு ஏறத்தாழ 1,25,000 தடவை மாறும் காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்தப் புலத்திலிருந்தே திறப்பிலுள்ள சிறு சுருள் தனக்கு வேண்டிய மின்னைப் பெற்றுக்கொள்கின்றது. உடனே சிப் விழித்தெழுந்து தன் இலக்கத்தைக் கூறும். காரின் கணினி அதனைத் தன் நினைவிலுள்ள இலக்கத்தோடு ஒப்பிடும். ஒத்துவந்தால் இயந்திரத்துக்கு எரிபொருளும் தீப்பொறியும் கிடைக்கும். ஒவ்வாவிடில், பற்கள் எத்துணை பொருத்தமாயினும் இயந்திரம் இயங்காது. சில கார்களில் ஒரு கணம் இயங்கி அணைந்துவிடும். இவையெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிவதால் நாம் ஒன்றையும் அறிவதில்லை.

ஆகவே இந்நாளைய திறப்புக்கு உடலும் உண்டு, உயிரும் உண்டு எனலாம். அரம் கொண்டு உடலை மட்டும் செய்து கொடுத்தால், அது கதவைத் திறக்கும், காரை ஓட்டாது.

குதிரை வளர்த்த தீவுக்கு இது புதுமையன்று. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் குதிரைகள் வளர்க்கப்பட்ட நிலம் நெடுந்தீவு. அவற்றின் வழிவந்த கட்டைக் குதிரைகள் இன்றும் அங்கே காட்டுக் குதிரைகளாய்த் திரிகின்றன. பழகிய குதிரை கடிவாளத்தைப் பார்ப்பதில்லை. அதனைப் பிடித்திருக்கும் ஆளை அறிகின்றது. கார் இப்போதுதான் அந்த அறிவைக் கற்றுக்கொண்டிருக்கின்றது.

காவலாளி கேட்கும் கணக்கு

முதலில் வந்த சிப்கள் எப்போதும் ஒரே இலக்கத்தையே கூறின. அதனை ஒருமுறை ஒட்டுக்கேட்டவன் திருப்பிச் சொல்லிவிடலாம். எனவே அடுத்து வந்த சிப்களுக்கு ஒரு கணக்கைக் கற்பித்தனர். கார் ஒவ்வொரு முறையும் வேறொரு எண்ணைக் கூறும். திறப்பு அந்த எண்ணைத் தன் இரகசிய முறைப்படி மாற்றி விடை சொல்லும். காரும் அதே கணக்கைச் செய்து பார்த்து, விடை சரியானால் வழிவிடும். இரகசியம் ஒருபோதும் வெளியே பேசப்படுவதில்லை.

மாணவர்களுக்காக ஓர் எளிய உதாரணம் கூறுவோம். இரகசிய முறை, “கேட்ட எண்ணை மூன்றால் பெருக்கி ஏழைக் கூட்டுக” என்பதாக இருக்கட்டும். கார் 12 என்று கேட்டால் திறப்பு 43 என்று கூறும். மறுநாள் கார் 20 என்று கேட்டால் 67 என்று கூறும். நேற்றைய விடையை இன்று சொல்லிப் பயனில்லை.

எனினும் இந்த இரண்டு வினாவிடைகளையும் கேட்டிருந்த கெட்டிக்கார மாணவன் ஒருவன் சிறிது சிந்தித்தால் இரகசியத்தையே கண்டுபிடித்துவிடுவான். கேள்வி 8 கூடியபோது விடை 24 கூடியிருக்கின்றது. ஆகவே மூன்றால் பெருக்க வேண்டும். பன்னிரண்டின் மும்மடங்கு 36, விடை 43, ஆகவே ஏழைக் கூட்ட வேண்டும். இதனாலேயே உண்மையான சிப்களில் கணக்கு மிகச் சிக்கலாக அமைக்கப்படுகின்றது.

அந்தச் சிக்கலையும் சிலர் அவிழ்த்துக் காட்டினர். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்னும் கொம்பனி செய்த சிப் ஒன்றில் இரகசிய எண் ஏறத்தாழ 1,10,000 கோடி எண்களுள் ஒன்றாக இருக்கலாம். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினரும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வுகூடத்தினரும் 2005ஆம் ஆண்டில், அதன் இரண்டு விடைகளை மட்டும் பெற்றுக்கொண்டு, பல கணிப்புக் கருவிகளை ஒருங்கே இயக்கி, ஒரு மணி நேரத்துக்குள் அந்த எண்ணைத் தேடிப் பிடித்தனர். பின்னர் மெகாமோஸ் என்னும் வேறொரு வகைச் சிப்பின் குறைபாட்டைச் சில ஆய்வாளர் கண்டறிந்தபோது, ஃபோக்ஸ்வாகன் கொம்பனி முறையிட்டதன் பேரில் இங்கிலாந்து நீதிமன்றம் 2013ஆம் ஆண்டில் அவ்வாய்வு வெளியாவதைத் தடுத்தது. இரண்டாண்டுகள் கழித்து, 2015ஆம் ஆண்டில், ஒரேயொரு வாக்கியம் நீக்கப்பட்டு அது வெளிவந்தது. ஒரு வாக்கியத்துக்கு இத்துணை மதிப்பு உண்டாயிற்றெனில், ஒரு திறப்பினுள் அடங்கியிருக்கும் இரகசியத்தின் பெறுமதி நமக்கு விளங்கும்.

பூட்டால் விளைந்த பயன்

இத்துணைத் தொல்லை எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 1998ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதல் புதிய கார்களுக்கு இக்காவலைக் கட்டாயமாக்கியது. நம்மவர் பலர் வாழும் கனடா 2007ஆம் ஆண்டில் கட்டாயமாக்கியது. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயராலேயே நெடுந்தீவை டெல்ஃப்ட் என்று அழைத்தனர். அந்த ஒல்லாந்து நாட்டில் நடந்த ஆய்வொன்று, இக்காவலினால் கார்த்திருட்டு நூற்றுக்கு ஏறத்தாழ 40 வீதம் குறைந்தது என்று கண்டது.

மாறான படிப்பினையும் உண்டு. அமெரிக்காவில் விற்பனையான ஹியுண்டாய், கியா கார்களுள் 2011 முதல் 2021 வரையான மாதிரிகள் பலவற்றில் இந்தச் சிப் வைக்கப்படவில்லை. அச்செய்தி 2021ஆம் ஆண்டையடுத்து இளைஞரிடையே பரவவே, அந்தக் கார்கள் பெருந்தொகையாகத் திருட்டுப் போயின. ஆகவே நமது காரின் திறப்பை வெட்டுவது கடினமாயிருத்தல், நமக்குச் சங்கடமாகத் தோன்றினும், நம் காருக்குப் பாதுகாப்பேயாகும்.

பிரதி செய்யும் வழிகள்

சரி, இத்தகைய திறப்புக்கு மற்றொன்று செய்விப்பது எவ்வாறு? இரண்டு வழிகள் உள.

முதலாவது, படியெடுத்தல். இருக்கும் திறப்பின் சிப்பிலுள்ளதைக் கருவியொன்றினால் அறிந்து, அதனைப் புதிய சிப் ஒன்றில் எழுதிவிடுவர். கார் இரண்டையும் ஒன்றென்றே எண்ணும். எல்லா வகைச் சிப்களுக்கும் இது கைகூடுவதில்லை.

இரண்டாவது, அறிமுகம் செய்தல். புதிய சிப்புக்கு அதற்குரிய இலக்கம் இருக்க, காரின் கணினிக்கு, “இவரும் நம்மவரே” என்று சொல்லி வைப்பது. பல கார்களில் ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, ஸ்டியரிங்கின் கீழ், கருவி பொருத்தும் துவாரமொன்று உள்ளது. அதில் கருவியை இணைத்து, கார் ஏற்கெனவே அறிந்த திறப்பை இட்டுக் காட்டி, அதன் சாட்சியத்தின் பேரில் புதியதைச் சேர்ப்பர். பழைய டொயோட்டா கார்கள் சிலவற்றில் கறுத்தத் தலையுள்ள தலைமைத் திறப்புக்கு மட்டுமே இப்படிச் சாட்சி சொல்லும் அதிகாரம் உண்டு. உடன்வந்த சாம்பல் நிறத் திறப்பு காரை ஓட்டும், மற்றொன்றைச் சேர்க்காது.

இங்கேதான் குறிகட்டுவானில் நின்ற நண்பரின் தொல்லைக்குக் காரணம் தெரிகின்றது. அறிந்த திறப்பு ஒன்று கையில் இருக்குமாயின், பெரும்பாலான கார்களில் வேலை சிறிது நேரத்தில் முடியும். ஒன்றுமே இல்லையாயின், சாட்சி சொல்ல ஆளில்லை. அப்போது கொம்பனியிடமிருந்து இரகசிய இலக்கம் பெற வேண்டும். அல்லது காரின் கணினிப் பெட்டியையே கழற்றி, அதன் நினைவை வாசித்து, புதிதாக எழுத வேண்டும். காரும் கருவியும் ஓரிடத்தில் சேர வேண்டுமாதலால், காரைக் கட்டி இழுத்துச் செல்லவும் நேரலாம். செலவு பன்மடங்காகும். நோயாளியோ கரையில் காத்திருக்கின்றார்.

இந்நாட்டில் இக்கவலை சற்று அதிகம் என்றே சொல்ல வேண்டும். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்கள் மீண்டும் வருவதற்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரி வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் உள்ள கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. பாவித்த கார் பல சமயங்களில் ஒரே திறப்போடு வந்து சேர்கின்றது. மற்றது எங்கே? யப்பானிலோ, முன்னைய உடைமையாளரின் மேசை அறையிலோ, விடுமுறைக்கு வந்து சென்ற உறவினரின் பையோடு கனடாவிலோ, யார் அறிவார்!

ஆகவே பாவித்த கார் வாங்குவோர் இரண்டு காரியங்களைச் செய்தல் நன்று. ஒன்று, இரண்டாவது திறப்பைக் கேட்டு வாங்குவது. இல்லையேல் உடனே செய்விப்பது. மற்றது, காரின் நினைவில் எத்தனை திறப்புகள் பதிந்துள்ளன என்று பார்த்து, நம் கையில் இல்லாதவற்றை அழித்துவிடச் செய்வது. அழித்தபின் பழைய திறப்பு எங்கிருந்தாலும் அதனால் காரை ஓட்ட இயலாது. கதவின் பூட்டை மட்டும் அதன் பற்கள் திறக்கும் என்பதை மறத்தலாகாது.

திறப்பு செய்விக்கச் செல்லும்போது வாகனப் பதிவுச் சான்றிதழையும் தேசிய அடையாள அட்டையையும் எடுத்துச் செல்ல வேண்டும். அவற்றைக் கேளாமலே செய்து தருபவரைக் கண்டு மகிழ வேண்டா. உம்மிடம் கேளாதவர், நாளை உமது காரின் திறப்போடு வரும் அந்நியரிடமும் கேளார்.

சில சிறு குறிப்புகள்

பொத்தானை அழுத்திக் கதவு திறக்கும் றிமோட் வேறு, இயந்திரத்தைக் காக்கும் சிப் வேறு. பற்றரி தீர்ந்தால் பொத்தான் வேலை செய்யாது. சிப் வேலை செய்யும். துவாரமின்றிப் பொத்தானால் இயங்கும் புதிய கார்களிலும், பற்றரி தீர்ந்த திறப்பைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தால் பெரும்பாலும் கார் இயங்கும். கதவைத் திறப்பதற்கென அத்திறப்பினுள்ளே சிறிய உலோகத் திறப்பொன்று மறைந்திருக்கும். அதனை எவ்வாறு இழுப்பது என்பதை வீட்டிலுள்ளோர் யாவரும் இன்றே பழகிக்கொள்ளல் வேண்டும்.

திறப்பு கடல்நீரில் விழுந்து மீண்டும் கிடைத்தால், உடனே திறந்து பற்றரியை அகற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் நன்கு உலர்த்துக. உப்பு, றிமோட்டின் மின்சுற்றை அரித்துவிடும். சிப்போ பெரும்பாலும் கண்ணாடிக் குழலினுள்ளோ பிசின் கட்டியினுள்ளோ மூடப்பட்டிருப்பதால் பிழைத்திருத்தல் கூடும். எனவே நனைந்த திறப்பை வீசிவிட வேண்டா.

இரண்டு திறப்புகளையும் ஒரே வளையத்தில் கோத்து வைத்தலாகாது. ஒன்று தொலைந்தால் மற்றதும் தொலையும். அன்றியும், இரு சிப்கள் அருகருகே இருந்தால் இரண்டும் ஒருங்கே பேசி, கார் ஒன்றையும் விளங்கிக்கொள்ளாது போகலாம். இரண்டாவது திறப்பைக் காரினுள்ளே ஒளித்து வைப்பது, காவலாளியைத் திருடனுக்கே துணையாக்குவதாகும்.

எந்தக் கரையில் வைப்பது?

இனி, தீவகத்தாருக்கு மட்டும் உரிய ஒரு கேள்வி எஞ்சியுள்ளது. யாழ்ப்பாண நகரில் வாழ்பவர் இரண்டாவது திறப்பை வீட்டு அலுமாரியில் வைத்தால் போதும். நெடுந்தீவில் வீடும் குறிகட்டுவானில் காரும் உடையவர் அதனை எங்கே வைப்பது? தீவிலுள்ள வீட்டில் வைத்தால், திறப்புத் தொலையும் வேளை அது கடலுக்கு அப்பால் இருக்கும். படகு ஓடாத நாளில் அந்தத் திறப்பும் கடலில் விழுந்த திறப்பும் ஒன்றே. ஆகவே இரண்டாவது திறப்பு கார் நிற்கும் கரையிலேயே, நம்பிக்கையான உறவினர் ஒருவரின் வீட்டில் இருத்தல் வேண்டும். புங்குடுதீவிலோ வேலணையிலோ ஒரு சின்னம்மா வீடு இல்லாத தீவகக் குடும்பம் உண்டோ?

நாம் முதலில் கண்ட நண்பரிடம் அத்தகைய திறப்பொன்று இருந்திருப்பின் என்ன நிகழ்ந்திருக்கும்? திறப்பு கடலில் விழுந்ததும் அவர் ஒரு கணம் திகைத்திருப்பார். பின்பு வேலணைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. சின்னம்மாவின் மகன் மோட்டார் சைக்கிளில் திறப்போடு வந்து சேர்ந்திருப்பான். தாயார் ஒரு தேநீர் அருந்தி முடிப்பதற்குள் கார் வைத்தியசாலையை நோக்கிப் புறப்பட்டிருக்கும். மறுநாள், கையிலுள்ள அந்த ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் செய்வித்துச் சின்னம்மாவிடம் திருப்பிக் கொடுத்திருப்பார்.

தாகம் எடுத்தபின் கிணறு வெட்டுவோரை நம் முன்னோர் நகைத்தனர். திறப்பு தொலைந்தபின் திறப்புக்கு அலைவோரும் அவர்களுக்கு உறவினரே. வாசகர்களே, இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் ஓய்வாக இருக்கின்றீர்கள். எழுந்து சென்று உங்கள் காரின் திறப்புகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.